ஏணி கடிக்கிறது

நம் மன்றத்து நண்பர்கள் சிலரைப் போல நானும் மாலையில் தனிப்பாடம் சொல்லிக் கைச்செலவுக்குத் தேடிக்கொள்பவன். டில்லிப் புறநகரில் நான் செல்லும் வீட்டில் நீச்சல்குளம் உண்டு. சென்ற கோடையில் அவ்வீட்டுச் சிறுமி, "குளத்து ஏணி கடிக்கிறது" என்றாள். தந்தையார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளத்தில் எவரும் இறங்கலாகாது என்று சொல்லி, உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை வரவழைத்தோம்.

ஏணிக்கும் ஈரத் தரைக்குமிடையே மீட்டர் 4 வோல்ட்டு காட்டிற்று. இக்கால மீட்டர்கள் இல்லாத மின்சாரத்தையும் இருப்பதாகக் காட்டுவதுண்டு. ஆகவே 1000 ஓம் தடை ஒன்றைக் குறுக்கே இணைத்தோம். நனைந்த உடலின் தடை ஏறத்தாழ அவ்வளவே. அப்போதும் 3 வோல்ட்டு நின்றது. அதாவது 3 மில்லியாம்பியர். ஒரு மில்லியாம்பியரளவிலேயே உடல் உணரும். பத்தைத் தாண்டினால் பிடித்த கை விடாது.

பம்பை நிறுத்தினோம், மாற்றமில்லை. மெயினையே நிறுத்தினோம், அப்போதும் 3! பணியாளர் திகைத்துப் போனார்.

அந்தப் பழைய மெயின் மூன்று பேஸ்களை மட்டுமே துண்டிப்பது, நியூட்ரல் அறுபடாது. முன்பு யாரோ பலகையில் நியூட்ரலையும் எர்த் கம்பியையும் சேர்த்து முறுக்கியிருந்தார்கள். தெரு நியூட்ரலில் அண்டை வீட்டாரின் மின்னோட்டமும் திரும்புகிறது. கம்பியின் தடையால் அது மண்ணைவிடச் சில வோல்ட்டு உயர்ந்து நிற்கும். அந்த உயர்வே எர்த் கம்பி வழியே பம்புக்கும் ஏணிக்கும் வந்தது. மாலையில் தெருவெங்கும் குளிர்சாதனங்கள் ஓடத் தொடங்கியதும் கடியும் மிகுந்தது. இணைப்பு ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலேயே இருந்ததால் அக்கருவி வாளாவிருந்தது. மூன்று வோல்ட்டுதானே என்று விடுவதற்கில்லை. தெரு நியூட்ரல் ஒருநாள் அறுந்தால் ஏணியில் உயிர்பறிக்கும் அழுத்தம் ஏறக்கூடும்.

முறுக்கைப் பிரித்தோம், ஏணி அடங்கியது. எனினும் வேலை பாதிதான். மண்ணில் இன்னும் ஒரு எர்த் கம்பி புதைத்தால் போதும் என்பார் பலர். எனக்கு அது உடன்பாடில்லை. மின்கம்பியில் அமர்ந்த காக்கைக்குத் தீங்கில்லை. அதன் இரு கால்களும் ஒரே அழுத்தத்தில் இருக்கின்றன. குளத்திலும் ஏணி, பம்பின் உடல், காங்கிரீட்டுக் கம்பிகள், சுற்றுத்தரை எல்லாவற்றையும் ஒரே செப்புக் கம்பியால் பிணைக்க வேண்டும். அமெரிக்க மின்விதிகள் குளச்சுவரிலிருந்து 3 அடி வரையுள்ள தரையையும் இப்பிணைப்பில் சேர்க்கின்றன.

பளிங்குத் தரை உடைபடுமே என்று தந்தையார் இருநாள் தயங்கினார். பிறகு உடைக்கச் சொன்னார். வேலை முடிந்த மாலை, தெரு முழுவதும் குளிர்சாதனங்கள் ஓடும் நேரத்தில், அதே தடையை வைத்து அளந்தோம். மீட்டரில் சுழியம்.