பழைய கட்டளையை அழிக்கும் முன்

அன்பு மருமகளுக்கு,

உன் மடல் கிடைத்தது. ஓப்பன் சோர்ஸ் திட்டம் ஒன்றுக்கு முதல் பேட்ச் அனுப்ப ஆசை, ஆனால் சி மொழியில் இன்னும் கை பழகவில்லை, அதனால் பூட் லோடர் ஆவணங்களில் செத்துப்போன கட்டளைகளைத் தேடி நீக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகச் செய், கண்ணு. ஆனால் அந்த 'நீக்கலாமா'வைப் பற்றித்தான் உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இந்த ஆவணத்தை யார், எந்த நேரத்தில் படிக்கிறார்கள் என்று முதலில் யோசி. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் கெர்னலைக் கண்டுபிடித்து, நினைவகத்தில் ஏற்றி, பொறுப்பை அதன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது பூட் லோடர். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை அதன் கையேட்டை யாரும் சீண்டமாட்டார்கள். சீண்டும் நாளில் மெஷின் கிளம்பாமல் நிற்கும். கறுப்புத் திரையில் 'கிரப்>' என்ற ஒரு வரி மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். ஆப்பரேட்டிங் சிஸ்டமே இன்னும் வராததால் பிரவுசர் கிடையாது, காப்பி-பேஸ்ட் கிடையாது. போனில் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டுவார்கள். அப்படிப்பட்டவரிடம் கையேடு தப்பாகப் பேசக்கூடாது.

கிரப் என்ற பூட் லோடரையே எடுத்துக்கொள். 1995-இல் எரிக் போலின் என்பவர் குனு ஹர்டை யூட்டா பல்கலைக்கழகத்தின் மாக் 4 மைக்ரோகெர்னலோடு கிளப்ப முயன்றபோது உருவானது அது. 1999-இல் குனு திட்டத்தின் அதிகாரபூர்வ மென்பொருள் ஆனது. 2002 வாக்கில் யோஷினோரி ஒகுஜி அதை அடியோடு புதிதாக எழுதத் தொடங்கினார். அந்தப் புதிய வேலைதான் பிறகு கிரப் 2 ஆனது. பழையதற்கு 'கிரப் லெகசி' என்று பெயர் விழுந்தது. 2009 முடிவதற்குள் பெரிய லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் பல கிரப் 2-க்கு மாறிவிட்டன. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த உபுண்டு 9.10 அவற்றில் ஒன்று.

ஆனால் லெகசி கோலோச்சிய காலத்தில் எழுதிக் குவித்த குறிப்புகள் எங்கும் போய்விடவில்லை. அவற்றில் மெனு கோப்பின் பெயர் 'மெனு.எல்எஸ்டி', இன்று 'கிரப்.சிஎஃப்ஜி'. அன்றைய 'டைட்டில்' இன்று 'மெனுஎன்ட்ரி'. அன்றைய 'கெர்னல்' இன்று 'லினக்ஸ்'. கோப்பைத் தேட அன்று 'ஃபைண்ட்', இன்று 'சர்ச்'. 'இனிட்ஆர்டி' போலச் சில பெயர் மாறாமல் தப்பித்தன.

பெயர் மாறிய கட்டளையால் பெரிய ஆபத்து இல்லை. கிரப் 2-இல் 'கெர்னல்' என்று தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். படிப்பவரும் கையேடு பழையது என்று புரிந்துகொள்வார். ஆபத்து எண்ணில் இருக்கிறது. லெகசி, டிஸ்கையும் பார்ட்டிஷனையும் 0-இல் இருந்து எண்ணியது. கிரப் 2-இல் டிஸ்க் எண் இன்னும் 0-இல்தான் தொடங்குகிறது, பார்ட்டிஷன் எண் மட்டும் 1-இல் தொடங்குகிறது. அதாவது, பழைய குறிப்பில் (எச்டி0,1) என்று இருந்தால் அது முதல் டிஸ்கின் இரண்டாவது பார்ட்டிஷன். அதே எழுத்துகள் இன்று முதல் பார்ட்டிஷன். சென்னையில் வீட்டு வாசலில் 'பழைய எண்', 'புதிய எண்' என்று இரண்டையும் போட்டிருப்பார்களே, அந்த வசதி இங்கே இல்லை. வெறும் 1 மட்டும் நிற்கும்.

இப்போது ஆர்வமுள்ள ஒருவர் ஆவணத்தைச் சுத்தம் செய்ய வருகிறார் என்று வை. 'ரூட் (எச்டி0,1)' என்ற வரியைப் பார்க்கிறார். பழைய வடிவம் என்று தெரிகிறது. 'செட் ரூட்=(எச்டி0,1)' என்று மாற்றுகிறார். இலக்கணம் சுத்தம், கிரப் 2 மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும், ஆனால் போய் நிற்பது வேறு பார்ட்டிஷனில். திருத்துவதற்கு முன் அந்த வரி பிழை காட்டி நின்றிருக்கும். திருத்திய பிறகு பிழையே காட்டாமல் தப்பான இடத்துக்குக் கூட்டிப்போகிறது. அரைகுறைத் திருத்தத்துக்குப் பழைய தவறே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதனால் ஒரு கட்டளைப் பெயர் கண்ணில் பட்டதும் கேட்க வேண்டியது 'இது பழசா?' என்பதல்ல. 'இன்று இதைத் தட்டினால் என்ன நடக்கும்?' என்று கேள். பதிலைப் பொறுத்து உன் வேலையும் மாறும்.

சில பெயர்கள் உண்மையிலேயே செத்தவை. யூ-பூட் என்ற இன்னொரு பூட் லோடரில் ஸ்கிரிப்ட் ஓட்ட 'ஆட்டோஎஸ்சிஆர்' என்றொரு கட்டளை இருந்தது. 2009-இல் அதற்கு 'சோர்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். இப்படிப்பட்டதைத் தயங்காமல் மாற்று. சில பெயர்கள் பழையவைதான், ஆனால் உயிரோடு இருக்கின்றன. யூ-பூட்டில் 'என்வ் செட்', 'என்வ் பிரிண்ட்', 'என்வ் சேவ்' என்று புது வடிவங்கள் வந்த பிறகும் 'செட்என்வ்', 'பிரிண்ட்என்வ்', 'சேவ்என்வ்' ஒழுங்காக வேலை செய்கின்றன. அவற்றைச் செத்ததாக எழுதி பேட்ச் அனுப்பினால் பராமரிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார், அதுதான் நியாயமும்.

சில பெயர்கள் வேறு வீட்டுக்குச் சொந்தமானவை. டெபியனும் உபுண்டுவும் 'அப்டேட்-கிரப்' என்பார்கள், ஃபெடோரா 'கிரப்2-எம்கேகான்ஃபிக்' என்னும், மூலத் திட்டத்தின் கையேட்டிலோ 'கிரப்-எம்கேகான்ஃபிக்'. இங்கே எதுவும் காலாவதி ஆகவில்லை. எந்தத் திட்டத்தின் ஆவணத்தில் உட்கார்ந்திருக்கிறாய் என்பதுதான் கேள்வி. இன்னும் சில பெயர்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. லெகசியிலிருந்து என்னென்ன மாறியது என்று விளக்கும் பகுதி கிரப் கையேட்டில் இருக்கிறது. பழைய மெனு கோப்பை அப்படியே படிக்க 'லெகசி_கான்ஃபிக்ஃபைல்' என்ற கட்டளையும் இருக்கிறது. அங்கே பழைய பெயர்கள் இல்லாவிட்டால்தான் குறை.

வேலையை எப்படித் தொடங்குவது என்று கேட்பாய். மூலக் களஞ்சியத்தை இறக்கி 'கிட் கிரெப்' ஓட்டு. 'கெர்னல்' என்று வெறுமனே தேடினால் சல்லடைக்கு அடங்காத குப்பை வரும், ஏனென்றால் அது சாதாரணப் பெயர்ச்சொல்லாகவும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். கிரப் கையேடு டெக்ஸின்ஃபோவில் எழுதப்பட்டது. கட்டளைக்கென்று தனிக் குறியீடு உண்டு. அந்தக் குறியீட்டோடு சேர்த்துத் தேடினால் பட்டியல் கைக்கு அடக்கமாகும். பிறகு 'கிட் லாக்'குடன் பெரிய 'எஸ்' ஆப்ஷனைச் சேர்த்து, அந்தப் பெயர் நிரலிலிருந்து எந்தக் கமிட்டில் வெளியேறியது என்று பார். அந்தக் கமிட்டின் செய்தியை முழுதாகப் படி. மாற்றாக எது வந்தது, எண்ணோ ஆர்க்யுமென்ட்டோ சேர்ந்தே மாறியதா என்பதற்கான துப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

அடுத்தது, தட்டிப் பார்ப்பது. இதற்காக உன் லேப்டாப்பைப் பணயம் வைக்காதே. யூ-பூட்டில் 'சாண்ட்பாக்ஸ்' என்றொரு இலக்கு இருக்கிறது. அதைக் கட்டினால் லினக்ஸில் சாதாரணப் புரோகிராம் போல யூ-பூட் ஓடும், அதன் கட்டளைகளைப் பயமில்லாமல் தட்டலாம். கிரப்புக்கு 'கிரப்-எம்கேரெஸ்க்யூ' கொண்டு ஐஎஸ்ஓ செய்து கியூஇஎம்யுவில் கிளப்பு. ஒரு எச்சரிக்கை: யூ-பூட்டில் எந்தக் கட்டளை உள்ளே இருக்கும் என்பதைக் கட்டும்போது கான்ஃபிக்தான் தீர்மானிக்கிறது. உன் போர்டில் ஒரு கட்டளை வரவில்லை என்பதால் அது உலகத்திலேயே இல்லை என்று முடிவு கட்டாதே. நிரலில் தேடி உறுதி செய்.

ஆவணத்தில் கட்டளைக்குக் கீழே மாதிரி வெளியீடும் கொடுத்திருப்பார்கள். கட்டளையை மாற்றிவிட்டு வெளியீட்டை அப்படியே விடுவதும், கற்பனையில் ஒட்டுப்போடுவதும் கூடாது. ஓட்டிப் பார்த்து, திரையில் வந்ததைப் போடு.

சில வேளை வரியைத் திருத்துவதே வீண் வேலையாக இருக்கும். யூ-பூட் 2014-இல் கேகான்ஃபிக் என்ற கான்ஃபிக் முறைக்கு மாறியபோது, போர்டின் பெயரோடு '_கான்ஃபிக்' என்று சேர்த்துக் கட்டிய பழைய வழக்கம் போய் '_டெஃப்கான்ஃபிக்' வந்தது. போர்டு குறிப்புகளில் பழைய வரியைக் கண்டால், அந்த போர்டுக்கு இன்னும் ஆதரவு இருக்கிறதா என்று முதலில் பார். போர்டையே நீக்கிவிட்டிருந்தால் குறிப்பு முழுவதும் போக வேண்டும்; ஒரு வார்த்தையை மாற்றி அதற்குப் புது மெருகு கொடுத்தால் உயிரோடு இருப்பதாக இன்னொருவர் நம்பிவிடுவார். பகுதி ஒன்றை எடுத்தால் அதைச் சுட்டும் குறுக்குக் குறிப்புகளையும் எடு. அனுப்பும் முன் ஆவணத்தை ஒருமுறை கட்டிப் பார். யூ-பூட்டில் அதற்கு 'மேக் எச்டிஎம்எல்டாக்ஸ்'.

பேட்ச் எழுதும்போது ஒரு பேட்சுக்கு ஒரு விஷயம் போதும். செத்த கட்டளையை மாற்றுகிற பேட்சிலேயே எழுத்துப்பிழை, காற்புள்ளி, பத்தி இடைவெளி எல்லாவற்றையும் சேர்க்காதே. பார்ப்பவருக்கு எது எதற்காக என்றே பிடிபடாது. கீழே 'சைன்டு-ஆஃப்-பை' வரி போடுவது சடங்கு அல்ல. இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று நீ கொடுக்கும் உறுதிமொழி அது. யாருக்கு அனுப்புவது என்பதை யூ-பூட்டில் 'கெட்_மெயின்டெய்னர்' ஸ்கிரிப்ட் சொல்லும். பதில் வரத் தாமதமாகலாம். கேள்வி வந்தால் கோபப்படாமல் பதில் எழுது, தேவையானால் இரண்டாம் பதிப்பு அனுப்பு.

கடைசியாக ஒன்று. திருத்தத் தொடங்கும் முன்பே கமிட் செய்தியை எழுதிப் பார். 'இந்தக் கட்டளை இன்ன கமிட்டில் போனது, இன்று இதற்குப் பதில் இது, ஓட்டிப் பார்த்தேன்' என்று மூன்று வரி தடங்கலில்லாமல் வந்தால் ஆவணத்தில் கை வை. வராவிட்டால் நீ தேட வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒரு கட்டளையில் தொடங்கு; எழுதிய செய்தியை எனக்கும் அனுப்பு, படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா