மரப்பொந்தில் ஒரு குளம்

நீர்நிலை என்றவுடன் ஆறும் ஏரியும் குளமுமே நம் நினைவிற்கு வரும். ஆயின், ஒரு குடம் நீரே கொள்ளும் மரப்பொந்தும் ஒரு நீர்நிலையேயாகும். அதனைப் பிறப்பிடமாகக் கொண்ட உயிர் ஒன்று அமெரிக்க மழைக்காடுகளில் உண்டு. அதுவே ஹெலிகாப்டர் ஊசித்தட்டான்.

மெலிந்த உடலும், அமருங்கால் பெரும்பாலும் மடித்து ஒடுக்கிய சிறகுகளும் உடையவை ஊசித்தட்டான்கள். இன்று வாழும் அவ்வினத்துள் மிகப் பெரியது இதுவே. இதன் சிறகு விரிவு 19 சென்டிமீட்டர் வரை இருக்கும். 1782ஆம் ஆண்டில் துரூரி என்னும் ஆங்கிலேயர் இதனை விளக்கி எழுதினார். மெக்சிகோ முதல் பொலிவியா வரையுள்ள காடுகள் இதன் உறைவிடம். கண்ணாடி போன்ற நான்கு சிறகுகளிலும் கருநீலப் பட்டைகள் உண்டு. பறக்குங்கால் அப்பட்டைகள் சுழல்வன போலத் தோன்றுதலின் இப்பெயர் பெற்றது. சிலந்தி வலையின் முன் அந்தரத்தில் நின்று, தான் சிக்காமல் சிலந்தியைக் கவர்ந்து செல்லும் இதன் திறம் வியத்தற்குரியது.

பனாமாக் கால்வாய்க்கென ஆற்றைத் தடுத்து ஏரி அமைத்தபொழுது, நீர் சூழ்ந்த குன்று ஒன்று பாரோ கொலராடோ என்னும் தீவாயிற்று. 1923 முதல் காக்கப்பட்டுவரும் அத்தீவின் காட்டில் அறிஞர்கள் இதன் வாழ்க்கையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர்.

முதிர்ந்த மரத்தின் பொந்திலும், வீழ்ந்த மரத்தின் குழிவிலும் மழைநீர் தேங்கும். பெரிய பொந்தினை ஆண் தட்டான் காவல் காக்கும். அங்கு வரும் பெண், ஆணோடு கூடியபின், தன் நீண்ட வாலைப் பொந்தினுள் செலுத்தி முட்டையிடும். பொரித்த இளவுயிர்கள் கொசுப்புழுக்களையும் தலைப்பிரட்டைகளையும் உண்டு வளரும். தம்முள் சிறியவற்றையும் கொன்று தின்னும். ஆதலின் ஒரு பொந்தில் பல பிறப்பினும், சிறகு பெற்று வெளிவருவன சிலவே.

காட்டை அழித்தபின் புதிய கன்றுகளை நட்டால் போதாதோ எனச் சிலர் வினவலாம். இளமரத்தில் பொந்து ஏது? அது தோன்றப் பல்லாண்டுகள் வேண்டும். அதுவரை வேறு காட்டிற்குச் செல்லலாமெனின், மரமற்ற பரந்த வெளியைக் கடக்க இத்தட்டான் தயங்கும். எனவே முதுமரம் ஒன்றை வெட்டுவோர் மரத்தை மட்டும் வீழ்த்துவதில்லை. கண்ணிற் படாத குளம் ஒன்றையும் தூர்க்கின்றனர். ஓர் உயிரைக் காக்க விரும்புவோர், முதற்கண் அது பிறக்கும் இடத்தைக் காத்தல் வேண்டும்.