ஆண்டுக்கு ஒரு சொல்

நுழையும்முன்

நெடுவழி செல்வோர் இடையில் சற்றே நின்று, கடந்துவந்த பாதையைத் திரும்பிப் பார்ப்பர். அதன்பின் செல்லவேண்டிய திசையை உறுதிசெய்வர். காலப் பயணத்தில் அத்தகைய நிறுத்தம் ஆண்டின் இறுதி. ஓராண்டின் பட்டறிவை ஒரே சொல்லில் அடக்க இயலுமா? வரும் ஆண்டை ஒரு சொல் வழிநடத்துமா? இவ்வினாக்களுக்கு இரு நாடுகளில் பிறந்த விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரு நாட்டின் ஓராண்டு

ஜப்பானின் கியோட்டோ நகரில், மலைச்சரிவில் உயர்ந்த மரத்தூண்களின்மேல் அமைந்துள்ளது கியோமிசு கோவில். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதத்தில் அங்கு ஒரு நிகழ்வு நடைபெறுகிறது. கோவிலின் தலைமைத் துறவி, ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரமுள்ள தாளின்முன் நின்று, பெருந்தூரிகையால் ஒற்றை எழுத்தை வரைகிறார். அதுவே 'அவ்வாண்டின் எழுத்து'. 1995 முதல் மக்களின் வாக்குகளைப் பெற்று அவ்வெழுத்து தேர்ந்தெடுக்கப்படுகிறது.

சீன மரபில் பிறந்து ஜப்பானில் வழங்கும் கான்ஜி எழுத்துகள் பொருள் உணர்த்துவன. தமிழில் 'தீ', 'பூ', 'கை' முதலியன ஓரெழுத்து ஒருமொழியாய் நிற்பதுபோல, அங்கும் ஓரெழுத்தே சொல்லாக நிற்கும். எனவே, ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பதாகும்.

1995 ஜனவரி 17 விடியற்காலையில் கோபே நகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் கடும் நிலநடுக்கம் தாக்கியது. ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டின் இறுதியில் மக்கள் தேர்ந்த எழுத்தின் பொருள் 'நடுக்கம்'. மகிழ்ச்சி தரும் சொல்லொன்றைத் தேடி அவர்கள் துயரத்தை மறைக்கவில்லை. நேர்ந்ததை நேர்ந்தவாறே பெயரிட்டழைத்தனர்.

2011 மார்ச் 11 அன்று அதனினும் பெரிய நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையை அழித்தன. ஆனால், அவ்வாண்டின் எழுத்தாக அமைந்தது 'கிசுனா', அதாவது 'பிணைப்பு'. விலங்குகளைக் கட்டும் கயிற்றைக் குறித்த அச்சொல், பின்னர் மனிதரை மனிதரோடு இணைக்கும் உறவைக் குறிக்கலாயிற்று.

ஒத்த பேரழிவுகள் இரண்டு. அவற்றுக்கு அமைந்த சொற்களோ வேறு. முன்னது விழுந்த அடியைப் பெயரிட்டது. பின்னது அடிபட்டபோது பற்றிக்கொண்ட கையைப் பெயரிட்டது. நிகழ்ந்ததை மாற்றும் ஆற்றல் எவருக்கும் இல்லை. அதிலிருந்து எதை எடுத்துச் செல்வது என்பதோ மனிதரின் தேர்வுக்கு உரியது. பின்னோக்கிப் பார்த்தலின் பயன் இதுவே.

புத்தாண்டின் முதல் எழுத்து

முடிந்த ஆண்டுக்கு எழுத்தைத் தேரும் அந்நாட்டில், தொடங்கும் ஆண்டுக்கும் ஒரு மரபு உண்டு. ஜனவரி 2ஆம் நாள், புத்தாண்டில் முதன்முதலாகத் தூரிகையைக் கையில் எடுத்து எழுதும் அம்மரபு 'காகிசோமே' எனப்படும். அரசவையில் தோன்றிய இவ்வழக்கம், எடோ காலத்தில் பொதுமக்களிடையே பரவியது. இன்று பள்ளி மாணவரும் தம் விருப்பத்தையோ உறுதிமொழியையோ சில எழுத்துகளில் வரைகின்றனர்.

எழுதிய தாளைச் சிலர் ஜனவரி நடுவில் மூட்டப்படும் விழாத்தீயில் இடுவர். எரியும் தாள் உயரப் பறந்தால் எழுதியவரின் கையெழுத்து மேம்படும் என்பது அவர்களின் நம்பிக்கை. தாள் சாம்பலாகிவிடும், எழுதியவர் மனத்தில் சொல் எஞ்சும்.

பதின்மூன்று சொற்கள்

சொல்லைத் தேர்வது எளிது. அதன்வழி நடப்பதே கடினம். இதனைத் தம் வாழ்வில் ஆய்ந்து பார்த்தவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் (1706–1790). இளமையில் அவர் அடக்கம், ஒழுங்கு, உழைப்பு, வாய்மை, நீதி முதலிய பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியலிட்டார். ஒரே நேரத்தில் அனைத்தையும் பற்ற முயன்றால் எதுவும் கைகூடாது என உணர்ந்து, வாரத்திற்கு ஒரு பண்பைக் கருத்தில் கொண்டார். பதின்மூன்று வாரங்களில் ஒரு சுற்று முடியும். ஓராண்டில் நான்கு சுற்றுகள் நிறைவுறும்.

சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் தம் பிழைகளைக் கரும்புள்ளிகளாகக் குறித்தார். அடுத்த சுற்றுக்காகப் புள்ளிகளைச் சுரண்டி அழித்ததால் தாள் துளைபட்டது. பின்னர், ஈரப் பஞ்சால் துடைக்கத்தக்க தந்தத் தகடுகளைப் பயன்படுத்தினார். அவரை மிகவும் அலைக்கழித்த சொல் 'ஒழுங்கு'. அதில் முழுவெற்றி கிட்டவில்லை என்பதைத் தம் தன்வரலாற்றில் அவர் மறைக்கவில்லை.

அங்கு அவர் ஒரு கதையையும் கூறுகிறார். கோடரியின் பரப்பு முழுவதும் மின்னவேண்டும் என்றார் ஒருவர். சாணைச் சக்கரத்தை அவரே சுற்றினால் தீட்டித் தருவதாகக் கொல்லர் கூறினார். சுற்றிச் சுற்றிக் களைத்தவர், புள்ளிகள் உள்ள கோடரியே தமக்குப் பிடித்தது எனக் கூறி விலகினார். முயற்சியைக் கைவிடும் மனம், குறையையே விருப்பமென்று சாதிக்கும் எனக் காட்டுகிறது இக்கதை. பிராங்கிளினோ, முழுமையை எட்டாவிடினும் முயன்றதனாலேயே முன்னினும் மேம்பட்டவராகத் தம்மை உணர்ந்தார்.

சொல்லைத் தேர்தல்

வழிகாட்டும் சொல் கடந்த ஆண்டின் உண்மையிலிருந்து முளைக்கவேண்டும். 'வெற்றி', 'முதலிடம்' என்பன விளைவைக் குறிக்கும் சொற்கள். விளைவு முழுமையாக ஒருவர் கையில் இல்லை. செயலைக் குறிக்கும் சொல்லோ அன்றாடம் பின்பற்றத்தக்கது. தமிழின் ஏவல் வினைகள் இதற்கு மிகவும் ஏற்றவை: 'தொடங்கு', 'பொறு', 'கேள்'.

வகுப்பில் ஐயம் எழுந்தும், பிறர் நகைப்பர் என அஞ்சி ஓராண்டு முழுவதும் வாய்திறவாமல் இருந்த மாணவி ஒருத்தி 'கேள்' என்னும் சொல்லைத் தேர்வதாகக் கொள்வோம். அது முதலில் வினவுமாறு அவளைத் தூண்டும். பிறர் பேசும்போது செவிகொடுக்குமாறும் பணிக்கும். 'கேள்' என்பதற்கு உறவு, நட்பு என்னும் பொருள்களும் உண்டு. வினவியும் செவிகொடுத்தும் பழகுபவளுக்குக் கேளிர் பெருகுவர். ஒரு நாள் அச்சம் மீண்டும் வெல்லலாம். அது குறிப்பேட்டில் ஒரு புள்ளி மட்டுமே. மறுநாள் மீண்டும் அச்சொல்லை ஏற்பதில்தான் தேர்ந்தெடுத்ததன் பயன் இருக்கிறது.

தெரியுமா?

'சொல்' என்பதற்கு 'நெல்' என்னும் பொருளும் தமிழில் உண்டு. நெல் விதைத்தால் மட்டுமே விளையும், சொல்லும் அத்தகையதே.

கற்பவை கற்றபின்

1. கடந்த கல்வியாண்டில் மறக்கவியலாத மூன்று நிகழ்வுகளை எழுதி, அவற்றை இணைக்கும் ஒரு சொல்லைக் கண்டறிக.
2. வரும் ஆண்டுக்குரிய ஏவல் வினைச்சொல் ஒன்றைத் தேர்ந்து, தேர்ந்த காரணத்தை வகுப்பில் விளக்குக.

நம்மை அளவிடுவோம்

குறுவினா: 'காகிசோமே' – குறிப்பு வரைக.
சிறுவினா: 1995, 2011 ஆகிய ஆண்டுகளின் எழுத்துகள் உணர்த்தும் மனநிலைகளை ஒப்பிடுக.
நெடுவினா: 'சொல்லைத் தேர்வது எளிது, அதன்வழி நடப்பதே கடினம்' – பிராங்கிளினின் முயற்சியைச் சான்றாகக் கொண்டு விளக்குக.