தனியாக மூச்சடக்க வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. நன்றாக நீந்துவாள். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆர்ட்டிஸ்டிக் ஸ்விம்மிங் பார்த்ததிலிருந்து அதுதான் வேண்டும் என்கிறாள். நீச்சல் குளத்தில் தனியாக மூச்சடக்கிப் பழகுகிறாள். அமெரிக்க வீராங்கனை ஒருவர் தண்ணீருக்குள் மயங்கி மூழ்கிய படங்களைப் பார்த்ததும் எனக்கு நடுக்கம் வந்துவிட்டது. அந்தப் பெண் பிறகு என்ன ஆனார்? மகளை அனுமதிக்கலாமா?
– ஒரு தாய், கோவை

பதில்: அவர் பெயர் அனிட்டா அல்வாரெஸ், அம்மா. உங்கள் மகள் ரசித்த அதே பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணி வெள்ளிப் பதக்கம் வென்றதே, அந்த அணியில் அவரும் இருந்தார்.

நீங்கள் பார்த்த படங்கள் 2022 ஜூனில் புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் எடுத்தவை. தனிநபர் இறுதிச்சுற்றை முடித்த கையோடு அனிட்டா மயங்கி அடியாழத்துக்குப் போய்விட்டார். பயிற்சியாளர் ஆண்ட்ரியா ஃபுவென்டெஸ் போட்டிருந்த உடையோடு குதித்து அவரை மேலே கொண்டுவந்தார். ஸ்பெயினுக்காக நான்கு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றவர் ஃபுவென்டெஸ். 2021-இல் பார்சிலோனாவில் அனிட்டா மயங்கியபோதும் அவர்தான் குதித்தார். தன் மாணவி மேலே வரத் தாமதிப்பதை முதலில் உணர்ந்தது அவர் கண்தான்.

புடாபெஸ்ட் அணிப் போட்டியில் நீந்த அனிட்டா விரும்பியும் சர்வதேச நீச்சல் சம்மேளனம் அனுமதிக்கவில்லை. சரியான முடிவு. ஒரு போட்டியை விட்டதால் அவர் வாழ்க்கை நின்றுவிடவில்லை. 2016 ரியோவிலும் அடுத்து டோக்கியோவிலும் இருவர் பிரிவில் மட்டுமே அவரால் ஒலிம்பிக் போக முடிந்தது. அந்த இரண்டு முறையும் அமெரிக்க அணி தகுதி பெறவே இல்லை. பதக்கம் கைக்கு வந்தபோது அவருக்கு 27 வயது. பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது.

இப்போது உங்கள் மகள் விஷயம். தனியாக மூச்சடக்குவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பு, பெரும்பாலும் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதால் வருவது. முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டால் அந்த வாயு குறைந்துவிடும், தவிப்பு தாமதமாகும். ஆனால் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே இருக்கும். எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வரும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும், ஆழம் குறைந்த குளத்திலும் இது நடக்கும்.

முதலில் அவள் கற்க வேண்டியவை வேறு. உள்ளங்கையால் நீரை அழுத்தி உடலைத் தாங்கும் ஸ்கல்லிங். கால்களை எதிரெதிராகச் சுழற்றி, கைகளை விடுவித்து மிதக்கும் எக்பீட்டர். போட்டியில் குளத்தின் தரையில் கால் ஊன்றித் தோழியைத் தூக்கக்கூடாது என்பதால், எல்லா உயரமும் இந்த இரண்டிலிருந்துதான் பிறக்கிறது. கூடவே ஜிம்னாஸ்டிக்ஸ், நடனம், தாளம். மூச்சுப் பயிற்சி பின்னால், படிப்படியாக, பயிற்சியாளர் பார்வையில் வரட்டும்.

நம் ஊரில் இதற்கான பயிற்சியாளர்கள் அரிது. ஒருவர் கிடைத்தால், 'பிள்ளைகள் நீருக்குள் இருக்கும்போது கரையிலிருந்து பார்ப்பது யார்? மயங்கினால் குதிப்பது யார்?' என்று கேளுங்கள். தயங்காமல் ஆளைக் காட்டினால் மகளைச் சேர்த்துவிடுங்கள். இழுத்தடித்தால், அவள் எவ்வளவு அழுதாலும் வேறு இடம் தேடுங்கள்.