ஆண்களோடும் பேசவேண்டிய சுகாதார விடயம்

சென்ற இதழில் நீரிழிவு பற்றிப் பார்த்தோம். இம்முறை எடுத்துக்கொண்ட விடயத்தைப் பார்த்ததும் "இது ஏன் சுகாதாரப் பகுதியில்?" என்று சிலர் கேட்கக்கூடும். வீட்டுக்குள் பெண்கள்மீது நடக்கும் வன்முறை பற்றியே எழுதப்போகிறோம். இதற்கென்று பெண்களுக்குக் கூட்டம் வைப்போம், பெண்களுக்குத் துண்டுப்பிரசுரம் கொடுப்போம், பெண்களையே கவனமாக இருக்கச் சொல்வோம். கை நீட்டுபவர் அந்தக் கூட்டங்களுக்கு வருவதில்லை. ஆகவே இம்முறை அப்பாமாருக்கும், அண்ணன் தம்பிமாருக்கும், பெடியன்களுக்கும் எழுதுகிறோம்.

வைத்தியரிடம் யாரும் "என் கணவர் அடிக்கிறார்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தீராத தலையிடி, வயிற்று நோ, நித்திரையின்மை, காரணமில்லாத களைப்பு என்று வருவார்கள். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இராது. வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை திடீரென்று மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்கியிருக்கும். உலகில் ஏறக்குறைய மூன்று பெண்களில் ஒருவர் வாழ்நாளில் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்திக்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இலங்கையில் 2019இல் நடந்த தேசிய ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையாலேயே இதை அனுபவித்ததாகச் சொன்னார். "எங்கட ஆக்களிட்டை இதெல்லாம் இல்லை" என்பவர்களுக்காக இதைச் சொல்கிறோம். "எங்கட ஆக்களிட்டைத்தான் இது" என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2014இல் வெளியான ஐரோப்பிய ஒன்றிய ஆய்வில், 15 வயதுக்குப் பின் யாராவது ஒருவரால் இத்தகைய வன்முறைக்கு உள்ளானதாகச் சொன்ன பெண்கள் ஒன்றியம் முழுவதும் 33 வீதம், டென்மார்க்கில் 52 வீதம். இங்குள்ள பெண்கள் வெளிப்படையாகப் பேசுவதும் இதற்கு ஒரு காரணமாகலாம். எப்படியென்றாலும் இது ஓர் இனத்துக்குரிய நோயல்ல.

"குடிச்சால்தான் அப்பிடி", "கோபம் வந்தால் கை நீண்டுவிடும்" என்று சொல்வார்கள். அதே மனிதர் எவ்வளவு கோபம் வந்தாலும் வேலையிடத்து மேலாளரின் கன்னத்தில் அறைவதில்லை. அங்கே அடங்கும் கை வீட்டில் ஏன் அடங்குவதில்லை என்பதுதான் கேள்வி. மது நிலைமையை மோசமாக்கும், உண்மைதான். ஆனால் "இவள் என்னுடையவள், எனக்கு உரிமை உண்டு" என்ற எண்ணத்தைப் போத்தலில் யாரும் விற்பதில்லை.

எமது ஆண்களில் பலர் எதைத் தாண்டி வந்தார்கள் என்பதை நாம் அறிவோம். 83க்குப் பின்னான கைதுகளும் சித்திரவதைகளும் ஒரு பக்கம். இங்கு வந்த பிறகு, 1987இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹன்சன் தமிழரின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களை நிறுத்திவைத்ததால், மனைவி பிள்ளைகளின் முகம் காணாது தனி அறைகளில் இருந்த காலம் மறுபக்கம். அந்த விவகாரத்தால் 1993 ஜனவரியில் ஒரு அரசாங்கமே பதவி விலகியது. திடுக்கிட்டு எழும்புதல், சிறு சத்தத்துக்கும் எரிந்து விழுதல் போன்றவை போரின் காயங்களாக இருக்கலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு, தயங்காமல் வைத்தியரிடம் கேளுங்கள். ஆனால் அதே சிறைகளில் இருந்து வந்து, வீட்டில் ஒரு நாளும் கை ஓங்காத எத்தனையோ பேர் எம்மிடையே இருக்கிறார்கள்.

அடி மட்டுமே வன்முறை என்று எண்ணவேண்டாம். 2019 ஏப்ரல் 1 முதல் மனரீதியான வன்முறையும் டென்மார்க் சட்டத்தில் தனிக் குற்றம். மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். ஒருவரை நீண்ட காலமாகத் திரும்பத் திரும்பக் கேவலப்படுத்துவதும், மிரட்டிக் கட்டுப்படுத்துவதும் இதில் அடங்கும். மனைவியின் வங்கி அட்டையையும் மிற்ஐடியையும் தன் சட்டைப்பையில் வைத்திருப்பதும், "விசாவை வெட்டுவிப்பேன்" என்று வெருட்டுவதும் குடும்ப நிர்வாகம் அல்ல.

ஒரு விடயத்தை அழுத்திச் சொல்கிறோம். கழுத்தை நெரிப்பது மற்ற அடிகளைப்போல் அல்ல. வெளியே ஓர் அடையாளமும் இல்லாமலேயே உள்ளே இரத்தக்குழாய் சேதமடைந்து, சில நாட்கள் கழித்துக்கூடப் பாரிசவாதம் வரலாம். குரல் கம்மினால், விழுங்கக் கடினமாக இருந்தால் அன்றே வைத்தியரிடம் வரவேண்டும். ஒருமுறை கழுத்தை நெரித்தவரின் கையால் அந்தப் பெண் பின்னர் கொல்லப்படும் ஆபத்துப் பன்மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பிரிந்துபோக முடிவெடுக்கும் காலமும் ஆபத்தானது.

மற்ற ஆண்கள் என்ன செய்யலாம்? இந்தியாவில் 2008இல் 'பிரேக்துரூ' என்ற அமைப்பு, 'மணியை அடி' என்று பொருள்படும் 'பெல் பஜாவோ' இயக்கத்தைத் தொடங்கியது. பக்கத்து வீட்டில் அடிக்கும் சத்தம் கேட்டால், போய் அழைப்பு மணியை அடி. பந்து விழுந்துவிட்டது என்றோ, ரெலிபோன் எடுக்கலாமா என்றோ ஒரு சாட்டுப் போதும். அடிப்பவருக்கு வெளியே ஆள் இருப்பது தெரியவேண்டும், அவ்வளவுதான். இஷொய் வைலியோபார்க்கன் மாடிகளில் மேல்வீட்டுக் கதிரை இழுபடுவதே கேட்கிறது, அலறல் கேட்காதா? ஆனால் உயிராபத்து என்று தோன்றினால் மணியடிக்கப் போகவேண்டாம், 112ஐ அழையுங்கள்.

பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்த்துவைக்கும் எங்கள் வழக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இருவரையும் ஒரே சோபாவில் இருத்தி "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் அவள் உண்மையைச் சொல்லமாட்டாள். சொன்னால் அன்றிரவு அதற்கும் சேர்த்து அடி விழும். முதலில் அவளோடு தனியாகப் பேசுங்கள், பெண் ஒருவர் பேசினால் இன்னும் நல்லது. அவள் சொன்னதைக் கணவரிடம் போய் ஒப்புவிக்கவேண்டாம். "பிள்ளையளுக்காகப் பொறு" என்று திருப்பி அனுப்புவது சமரசம் அல்ல. பிள்ளைகள் சுவருக்கு அப்பால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பெடியன்களின் விடயம் இங்கேதான் வருகிறது. இலங்கை உட்பட ஆறு ஆசிய பசிபிக் நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் கேட்ட ஐ.நா. ஆய்வு 2013இல் வெளியானது. பாலியல் வன்முறை செய்ததாக ஒப்புக்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முதன்முறை அதைச் செய்தது பதின்ம வயதில். ஆகவே பதினெட்டு வயதுவரை காத்திருந்து புத்தி சொல்வதில் பயனில்லை. 2018 ஜனவரியில் டென்மார்க்கில், 15 வயதினர் இருவரின் அந்தரங்க வீடியோவைப் பகிர்ந்ததற்காக ஏறக்குறைய ஆயிரம் இளையோர்மீது பொலிஸ் வழக்குத் தொடுத்தது. பெரும்பாலானோர் செய்தது ஒரு பொத்தானை அமத்தியதுதான். இதை மகனுக்குச் சொல்லவேண்டியவர் அப்பா. தங்கச்சி கோப்பை கழுவ அண்ணன் ரீவி பார்க்கும் வீட்டில், சமத்துவம் பற்றிய அறிவுரை எடுபடுமா என்பதையும் அப்பாவே யோசிக்கட்டும்.

தன்னிடம் இந்தக் குணம் இருப்பதாக உணரும் ஆண், 'டயலோ மொட் வொல்' என்ற அமைப்பைத் தானாகவே தொடர்புகொண்டு சிகிச்சை பெறலாம். அங்கே போவது வெட்கம் அல்ல. பெண்களும், அவர்களுக்காகக் கவலைப்படும் எவரும், 'லெவ் உடன் வொல்' அமைப்பின் 1888 இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் பெயர் சொல்லாமலே அழைக்கலாம். பெண்கள் காப்பகத்துக்கும் கொம்யூனின் கடிதமின்றி நேரடியாகப் போகலாம். வைத்தியரிடம் வரும்போது கணவரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க அழைத்துவராதீர்கள். அறையில் சொல்வதை நாம் கணவரிடம் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் மட்டும் கொம்யூனுக்கு அறிவிப்பது எமது சட்டக் கடமை. அப்போதும் முடிந்தவரை முதலில் உங்களோடு பேசிய பின்னரே அறிவிப்போம்.