தெரிந்து கொள்வோம்: கல்யாணத்தை நிறுத்தும் கோர்ட்டு உத்தரவு

இந்தத் தடவை சட்டப் பாடம். போர் அடிக்கும் என்று பக்கத்துத் தாளுக்குப் போய்விடாதீர்கள்!

அஞ்சாவது வரை என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி, பிறகு வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். போன வருஷம் காப்பிப் பழம் எடுக்கிற சீசன் முடிந்து, கையில் கூலிப் பணம் வந்ததும், தை மாசத்தில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. வயது 15. பத்திரிகை ஒரு வாரம் முன்னாடியே எங்கள் வீட்டுக்கு வந்தது. நானும் பார்த்தேன், பேசாமல் இருந்தேன். சொந்தக்காரங்கதான் புகார் கொடுக்க முடியும், கொடுத்தா அவங்க அம்மாவை ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு நினைச்சேன். இரண்டுமே தப்பு.

நம் நாட்டில் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006 என்று ஒன்று இருக்கிறது. 2007 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறையாவிட்டால் குழந்தைத் திருமணம். இதன் 13-ஆவது பிரிவுதான் முக்கியம். இப்படி ஒரு கல்யாணம் நடக்கப் போகிறது என்று தெரிந்தால் மாஜிஸ்திரேட் தடை உத்தரவு போடலாம். விஷயம் தெரிந்த யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. பொதுவாக எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பி விசாரிப்பார்கள். ஆனால் முகூர்த்தம் வெள்ளிக்கிழமை, விஷயம் தெரிவது புதன்கிழமை என்றால்? அவசரத்துக்கு நோட்டீஸ் இல்லாமலே இடைக்காலத் தடை கொடுக்கலாம். 2024 அக்டோபர் 18 அன்று சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே போய், யாரும் கேட்காமல் மாஜிஸ்திரேட்டுகள் தாங்களாகவே இப்படித் தடை போட முன்வர வேண்டும் என்று சொன்னது.

உத்தரவு என்பது தண்டனை இல்லை, "நிறுத்து" என்ற வார்த்தைதான். மீறினால்தான் 2 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதிலும் பெண்களுக்குச் சிறை கிடையாது. (என் பயம் வீண் என்று இப்போது புரிகிறதா?)

இதுக்காக நாம 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் கோர்ட்டுக்கு ஓடணுமா? வேண்டாம். 1098-க்குப் போன் போட்டா போதும், காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க. மாவட்ட சமூகநல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர், அவரே கோர்ட்டில் மனு போடலாம்.

எனக்கு ரொம்ப வருத்தமான இடம் இதுதான். தடை உத்தரவு இருக்கும்போது அதை மீறித் தாலி கட்டினால், அந்தக் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. கல்யாணமே நடக்காத மாதிரி. உத்தரவு இல்லாமல் நடந்துவிட்டால் அப்படி இல்லை. கடத்தியோ ஏமாற்றியோ விற்றோ நடத்திய கல்யாணம் தவிர மற்றவை, அந்தப் பெண்ணே கேட்டு மாவட்ட நீதிமன்றம் ரத்து செய்கிற வரை நிற்கும். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் 2011-ல் இதையே சொல்லியிருக்கிறது. முன்னாடி நாள் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம், மறுநாள் முதல் அவள் ஒருத்திதான் சுமக்க வேண்டும். என் கையில் ஒரு வாரம் இருந்தது.

ரத்து கேட்கும் மனுவைப் பெண் 20 வயது முடிவதற்குள் போட வேண்டும். 18-க்கு முன்பே என்றால் பாதுகாவலர் மூலமாக, தடுப்பு அலுவலரையும் சேர்த்துக்கொண்டு போடலாம்.

போன வாரம் அவளைச் சந்தையில் பார்த்தேன். இதையெல்லாம் மெதுவாகச் சொன்னேன். "இருபது வரைக்குமா?"ன்னு கேட்டா. காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் எத்தனை வருஷம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு மாணவி