பல் சுகாதாரப் பயிற்சி: எதைத் தேர்ந்தெடுப்பது?

மேல்நிலைத் தேர்வு நெருங்கும் காலத்தில் நம் வீடுகளில் பேசப்படும் படிப்புகள் மிகச் சிலவே. மருத்துவம், பொறியியல், செவிலியர் பயிற்சி. இவை கிட்டாவிடில் கலைக் கல்லூரி. (இதை எழுதுவதால் பேராசிரியப் பெருமக்கள் என்மீது வருந்தமாட்டார்கள் என நம்புகிறேன். நம்மில் பலர் இங்கு வந்து சேர்ந்த வழி அதுவே.) இந்தப் பட்டியலுக்கு வெளியே எத்தனையோ தொழிற்பயிற்சிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றைப் பற்றி அண்மையில் விசாரிக்க நேர்ந்தது. பொருளியல் மாணவனுக்குப் பல்லோடு என்ன உறவு என்று நண்பர்கள் நகைக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் என் தங்கைக்கு அப்பயிற்சியில் விருப்பம். அவளுக்காக அறிந்துகொண்டவை, தம்பி தங்கையர் உள்ள பிறருக்கும் பயன்படக்கூடும்.

எங்கள் ஊர் நூம்பல். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடிக்கு அருகே உள்ளது. வேலப்பன்சாவடியில் 1988 முதல் சவீதா பல் மருத்துவக் கல்லூரி இருப்பதால், வெள்ளை மேலங்கி அணிந்த மாணவ மாணவியர் எங்களுக்குப் புதியவர்கள் அல்லர். அவர்களைப் பார்த்துத்தான் தங்கைக்கு ஆசை பிறந்தது. பல் மருத்துவப் பட்டப்படிப்பிற்கு நீட் தேர்வும் பெருஞ்செலவும் வேண்டும். ஆகவே ‘டென்டல் ஹைஜீனிஸ்ட்’ என்னும் பல் சுகாதாரப் பணியாளர் பயிற்சியைப் பற்றி யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். “அண்ணா, அது டாக்டருக்கு எடுபிடி வேலையா, இல்லை அதுவே ஒரு தொழிலா?” என்று கேட்டாள். பக்கத்து வீட்டு அத்தையோ, “பல் விளக்க ஒரு படிப்பா!” என்று முடித்துவிட்டார்கள்.

அத்தையின் கேள்விக்கே முதலில் விடை காண்போம். நாம் பல் துலக்கிய சில மணி நேரத்திற்குள்ளாகவே பல்லின்மீது கண்ணுக்கு எளிதில் புலப்படாத படலம் ஒன்று படியத் தொடங்குகிறது. அது கிருமிகளின் குடியிருப்பு. அகற்றாமல் விட்டால் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை ஏற்று இறுகிக் காரையாகிறது. கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தில் காரை மிகுதியாகக் கட்டுவதற்குக் காரணம் உண்டு: நாக்கின் அடியில் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் அங்குதான் திறக்கின்றன. இறுகிவிட்ட காரை ஆலங்குச்சிக்கும் அசையாது, தூரிகைக்கும் அசையாது. கருவி கொண்டே அகற்ற வேண்டும்.

இப்படலம் என்ன செய்யும் என்பதை ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஆராய்ந்து 1965-இல் வெளியிட்டனர். நல்ல ஈறுடைய பன்னிரண்டு பேர் பல் துலக்குவதை அறவே நிறுத்தினர். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்களே! பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் சரியாயிற்று. ஈறு நோய் வயதினால் வருவது, விதியினால் வருவது என்ற எண்ணத்திற்கு இதைவிட எளிய மறுப்பு வேண்டுமா? ஒருவர் வாயிலுள்ள காரையை அகற்றி, மீண்டும் படியாமல் காக்கக் கற்றுத் தருபவர் செய்வது சிறு வேலையன்று.

இத்தொழில் பிறந்த இடம் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரம். ஆல்பிரட் போன்ஸ் என்னும் பல் மருத்துவர் 1906-இல் தம்மிடம் உதவியாளராக இருந்த ஐரீன் நியூமன் என்ற பெண்மணிக்குப் பற்களைத் தூய்மை செய்யக் கற்றுக் கொடுத்தார். 1913-இல் இதற்கெனப் பள்ளி ஒன்றையே தொடங்கினார். அங்குப் பயின்ற பெண்கள் அந்நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று குழந்தைகளின் பற்களைப் பேணினர்.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் ஹைஜீனிஸ்ட் யார் என்று வரையறுத்தது. பல் மருத்துவரோ பிற மருத்துவரோ அல்லாத ஒருவர், பற்களிலுள்ள காரையைச் சுரண்டி, தூய்மை செய்து, மெருகேற்றுபவர், அல்லது பல் சுகாதாரம் பற்றி அறிவுரை அளிப்பவர் என்பது அதன் பொருள். அறிவுரை அளிப்பதும் தொழிலின் பகுதியாகச் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளதைக் கவனிக்க வேண்டும். தங்கையின் கேள்விக்கு விடை இதுவே: மருத்துவரோடு சேர்ந்து செய்யும் பணிதான்; ஆயினும் தனிப் பெயரும் தனிப் பதிவேடும் உடைய தொழில். பதிவு பெற்றவர்களே இப்பணியைச் செய்யலாம் என்றும் அச்சட்டம் கூறியது. அதற்கு மாற்றாகத் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. அதிலும் பதிவேடு என்னும் அடிப்படை நீடிக்கிறது.

பதிவேட்டைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் ஒரு துண்டறிக்கை. தனியார் பயிற்சி நிலையம் ஒன்றினுடையது, பெயர் வேண்டாம். ஆறே மாதப் படிப்பு, நூற்றுக்கு நூறு வேலை என்று அச்சிட்டிருந்தார்கள். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்பவர். கட்டணத்திற்கு வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் எடுக்கவும் ஒப்புக்கொண்டார். தங்கையும் நானும் நேரில் சென்று ஒரே கேள்வி கேட்டோம்: “இந்தச் சான்றிதழை வைத்து ஹைஜீனிஸ்டாகப் பதிவு செய்ய முடியுமா?” மேசையில் இருந்த அம்மையார் சிரித்துக்கொண்டே, “கிளினிக்கில் அதையெல்லாம் யாரும்மா கேட்கிறார்கள்?” என்றார். வெளியே வந்ததும் தங்கை துண்டறிக்கையை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

குறுகிய காலப் பயிற்சிகள் யாவும் வீண் என்று நான் கூற வரவில்லை. நாற்காலியின் அருகே நின்று மருத்துவருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பதும், அதைக் கழுவிக் கிருமி நீக்குவதும் நேர்மையான வேலைகளே. ஆனால் அப்பயிற்சி பெற்றவர் வேறு, ஹைஜீனிஸ்ட் வேறு. இந்தியப் பல் மருத்துவ மன்றம் வகுத்த பாடத்திட்டத்தின்படி ஹைஜீனிஸ்ட் பயிற்சி இரண்டாண்டுகள். மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் படிப்பு, அந்த இடத்தில், அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்பதே. பல் மருத்துவக் கல்லூரி என்ற பலகை இருந்தாலே இப்பயிற்சியும் அங்கீகாரத்தோடு இருக்கும் என்று கொள்ளலாகாது. கல்லூரிக்கு உள்ள அங்கீகாரம் ஒன்று, படிப்புக்கு உள்ள அங்கீகாரம் மற்றொன்று. வாய்ச்சொல்லை நம்பாமல் ஆணையின் படியைக் காட்டும்படி கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அங்கீகாரம் உறுதியான பின் கட்டடத்தைப் பாராமல் நாற்காலிகளைப் பார்க்க வேண்டும். இது கைத்தொழில். புறநோயாளிப் பிரிவில் காலை பத்து மணிக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்? அவர்களில் ஹைஜீனிஸ்ட் மாணவியரின் கைக்கு வருபவர் எத்தனை பேர்? பட்டப்படிப்பு மாணவர்களும் அதே நோயாளிகளைக் கொண்டுதான் பயில வேண்டும் என்பதால், இரண்டாவது கேள்வியே முக்கியமானது. இரண்டாண்டும் பொம்மைத் தாடையில் சுரண்டிப் பழகியவர், உயிருள்ள வாயில் நாக்கு அசைவதையும் இரத்தம் கசிவதையும் கண்டால் திகைத்துப் போவார். ஒலியதிர்வுக் கருவி இருக்கிறதா என்பதோடு, கையால் சுரண்டும் கருவிகளைத் தீட்டக் கற்றுத் தருகிறார்களா என்றும் கேட்பது நல்லது. மழுங்கிய கருவி காரையை எடுக்காது. அதன்மேல் வழுக்கி ஓடும். கடைசல் உளியோடு காலம் கழித்த அப்பாவுக்கு இந்தச் செய்தி மட்டும் சொல்லாமலே விளங்கிற்று.

கிருமி நீக்கும் ஏற்பாட்டையும் பார்க்கலாம். அழுத்த நீராவிக் கலத்தில் 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கருவிகள் குறைந்தது பதினைந்து நிமிடம் இருக்க வேண்டும். ஆகையால் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கருவித் தொகுதிகள் இல்லாத இடத்தில் அவசரம் தலைகாட்டும். நாள்தோறும் இரத்தத்தோடு புழங்கும் மாணவியருக்குக் கல்லீரல் அழற்சி ‘பி’ தடுப்பூசி மூன்று தவணையும் போடப்படுகிறதா என்பதைப் பெற்றோர் கேட்டே தீர வேண்டும்.

பாடத்தின் தரத்தை அறிய நான் கண்ட உரைகல் தருமபுரி மாவட்டம். அங்குப் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. உலக நலவாழ்வு நிறுவனம் கூறும் மேல்வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். பல் உருவாகும் வயதில் அதை மீறிய நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை தோன்றும். அது காரையன்று; பல்லின் மேற்பூச்சிலேயே ஊறிய குறை. எவ்வளவு சுரண்டினாலும் போகாது. இவ்விரண்டையும் பிரித்தறியவும், புகையிலை, பாக்கு போடுவோர் வாயில் தோன்றும் வெண்திட்டுகளைக் கண்டவுடன் மருத்துவருக்குக் காட்டவும் பழக்கும் இடமே நல்ல பயிற்சிக்கூடம். பின்னது உயிர் காக்கும் செயலாகவும் ஆகலாம்.

இனி வேலைவாய்ப்பு. பொருளியல் மாணவன் என்ற முறையில் இதில் இனிப்பான சொற்களைச் சொல்ல எனக்கு மனமில்லை. இந்தியாவில் பல் மருத்துவக் கல்லூரிகளே முந்நூறுக்கு மேல் உள்ளன. ஆண்டுதோறும் வெளிவரும் இளம் மருத்துவர்கள் குறைந்த ஊதியத்திற்கும் பணியாற்ற முன்வருவதால், சிறிய மருத்துவமனைகளில் பல் தூய்மை செய்யும் வேலையையும் அவர்களே பார்த்துவிடுகிறார்கள். ஹைஜீனிஸ்டைத் தனியே அமர்த்தும் எண்ணம் பெரிய மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும்தான் ஓரளவு காணப்படுகிறது. அமெரிக்காவில் இத்தொழில் ஓங்கி நிற்பது உண்மையே. ஆனால் அங்கு உரிமம் பெற, பொதுவாக அந்நாட்டிலோ கனடாவிலோ அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்திருக்க வேண்டும். இங்குப் படித்து நேரே அங்குப் போகலாம் என்று எந்த முகவராவது சொன்னால், அதே துண்டறிக்கையின் ஆங்கிலப் பதிப்பு என்று கொள்க.

செயற்கைப் பல் செய்யும் ‘டென்டல் மெக்கானிக்’ பயிற்சியும் இரண்டாண்டுதான். பதிவேடும் உண்டு. பற்கூடங்களில் தனியே தொழில் செய்யும் வாய்ப்பும் அதில் கூடுதல். அப்பாவின் விருப்பம் அதன் பக்கம் சாய்கிறது. “பொருளோடு பேசுவதைவிட மனிதரோடு பேசுவதுதான் எனக்குப் பிடிக்கும்” என்கிறாள் தங்கை.

சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1953-இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. கோட்டை ரயில் நிலையத்திற்கு எதிரில் உள்ளது. கட்டணம் எங்களுக்கு எட்டுமிடத்தில் இருக்கும் என்பதால் முதலில் அங்கு விசாரிக்கவிருக்கிறோம். கேள்விகளைத் தங்கை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அங்கீகார ஆணை முதலாவது, தடுப்பூசி ஐந்தாவது. இடம் கிடைக்காவிடில் ஓராண்டு காத்திருப்பதா, செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பிப்பதா என்பதில் அம்மாவும் அவளும் இன்னும் உடன்பாட்டிற்கு வரவில்லை.